கோழி எலும்பிலிருந்து மோவா வரை: அழிந்துபோன பறவைகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு

1839-இல் லண்டனில் ரிச்சர்ட் ஓவன் என்ற உடற்கூற்றியலாளரிடம் நியூசிலாந்திலிருந்து வந்த ஓர் எலும்புத் துண்டு கொண்டுவரப்பட்டது. நீளம் 6 அங்குலம். மிக ஒடுங்கிய இடத்தில் சுற்றளவு ஐந்தரை அங்குலம். மேல்முனையும் ஒடிந்திருந்தது, கீழ்முனையும் ஒடிந்திருந்தது. மூட்டு முனைகளைப் பார்த்துத்தான் ஓர் எலும்பு யாருடையது என்று எளிதாகச் சொல்ல முடியும். அவை இரண்டுமே இல்லை. ஓவன் அதைத் தன்னிடமிருந்த மற்ற எலும்புகளோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பாலூட்டிகள் எதனோடும் ஒத்துவரவில்லை. நெருப்புக்கோழிக்குச் சமமான பெரிய பறவை ஒன்றின் தொடை எலும்பு இது என்று முடிவுக்கு வந்தார். 1843-இல் நியூசிலாந்திலிருந்து பெட்டியில் எலும்புகள் வந்து இறங்கியபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. அந்தப் பறவைதான் மோவா. ஓவன் அதற்கு டைனார்னிஸ் என்று பெயர் வைத்தார்.

ஓவனுக்குக் கைகொடுத்தது ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் இருந்த எலும்புகளின் தொகுப்பு. புதிதாகத் தொடங்குகிறவருக்கும் முதல் தேவை அதுதான். படங்களையும் பெயர்ப் பட்டியல்களையும் மனப்பாடம் செய்து தொடங்குகிறவர்கள், நசுங்கிக் கிடக்கும் உண்மையான புதைபடிவத்தின் முன் நின்றால் எது இறக்கை, எது கால் என்றே தெரியாமல் திகைப்பார்கள். ஒரு கோழியின் எலும்புகளைக் கையில் உருட்டிப் பழகியவருக்கு அந்தத் திகைப்பு வராது.

முதல் வேலை: ஒரு கோழி

கறிக்கடை பிராய்லர் இதற்கு உதவாது. சுமார் ஆறு வாரத்திலேயே அறுக்கப்படும் பறவை அது. எலும்பு முனைகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். வேகவைத்தால் முனைகள் கரைந்து, வெறும் குழாய்தான் மிஞ்சும். ஓவனுக்கு வந்த துண்டைப் போல! ஒரு வயது தாண்டிய நாட்டுக்கோழி அல்லது முட்டையிட்டு ஓய்ந்த பண்ணைக்கோழி வாங்குங்கள். துண்டு போடாமல், தலையும் கழுத்தும் கால்களும் சேர்த்து முழுசாக வேண்டும் என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வழக்கப்படி கத்தி விழுந்தால் முதலில் உடைவது நெஞ்செலும்பு. நமக்கு மிகவும் வேண்டியதும் அதுதான்.

கூடுமானவரை இறைச்சியைக் கத்தரிக்கோலால் நீக்குங்கள். கத்தி எலும்பில் கீறல் போடும். பிறகு இடது இறக்கை, வலது இறக்கை, இடது கால், வலது கால், தலையும் கழுத்தும், உடல் என்று ஆறு பங்காகப் பிரித்து, தனித்தனி மெல்லிய துணிப்பையில் கட்டுங்கள். இதைத் தவிர்த்தால் இடதும் வலதும் கலந்துபோய், பிரித்தெடுக்கவே ஒரு வாரம் ஆகும்.

மூழ்கும் அளவு தண்ணீரில், கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் 2 முதல் 3 மணி நேரம் வையுங்கள். குக்கர் வேண்டாம். அழுத்தத்தில் எலும்பின் புரதம் கரைந்து, காய்ந்த பிறகு சுண்ணாம்புக்கட்டியைப் போலப் பொடியும். ஆறியதும் பழைய பல்துலக்கியால் சதையைத் தள்ளி எடுத்து, லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவைத்தூள் கலந்த வெதுவெதுப்பான நீரில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். அதன்பின் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் ஒரு வாரம். நீர் கலங்கும்போதெல்லாம் மாற்றுங்கள். கொழுப்பு வெளியேறாத எலும்பு சில மாதங்களில் மஞ்சளாகி நாறத் தொடங்கும்.

வெளுக்க வேண்டுமானால் ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம் ஆகும். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். மூடியை இறுக்காதீர்கள், வாயு சேரும். பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது: கழுவிய பிறகும் எலும்புக்குள் தங்கி அரித்துக்கொண்டே இருக்கும். நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் நீளவாக்கில் வெடிக்கும். காய்ந்ததும் ஒவ்வொரு எலும்பிலும் கூர்நுனிப் பென்சிலால் எண்ணிட்டு, இடதா வலதா என்றும் குறித்துவிடுங்கள்.

அடுத்து ஒரு வாத்து, ஒரு காடை, கிடைத்தால் ஒரு வான்கோழி. காகம், கொக்கு, மயில் என்று கண்ணில் படும் இறந்த பறவைகளை எடுத்துவர வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். பறவைக் காய்ச்சல் அபாயமும் உண்டு. வளர்ப்புப் பறவைகள் நான்கே நல்ல அடித்தளம் தரும்.

எந்த எலும்பை எப்படிப் பார்ப்பது

நெஞ்செலும்பிலிருந்து தொடங்குங்கள். நடுவில் படகின் அடிக்கட்டை போல ஓர் உயர்ந்த முகடு ஓடும். இறக்கையை அடிக்கும் தசை அதில்தான் பற்றியிருக்கிறது. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவையின் எந்தப் படிவத்திலும் எலும்பாலான இந்த முகடு காணப்படவில்லை. நெருப்புக்கோழிக்கும் மோவாவுக்கும்கூட முகடு இல்லை, ஆனால் காரணம் வேறு: அவற்றின் முன்னோர் பறந்தன, பறப்பதை விட்ட பிறகு முகடு தேய்ந்து மறைந்தது. ஆகவே ‘முகடு இல்லை, எனவே ஆதிப்பறவை’ என்று ஒரே தாவலில் முடிவுக்குப் போகக்கூடாது.

நெஞ்சுக்கு மேலே உண்டிவில் கவட்டை போன்ற எலும்பு இருக்கும். கவட்டெலும்பு என்று வைத்துக்கொள்வோம். ஆர்க்கியோப்டெரிக்ஸுக்கு இது உண்டு. இறைச்சி தின்ற டைனோசர்கள் பலவற்றுக்கும் உண்டு. பறவை என்பதற்கு இதை மட்டும் சான்றாகக் காட்டிய காலம் போய்விட்டது.

இறக்கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை இரண்டு எலும்புகள். தடித்ததை எடுத்துப் பின்விளிம்பில் நகத்தால் தடவிப் பாருங்கள். சிறு குமிழ்கள் வரிசையாகத் தட்டுப்படும். இறகுகள் ஊன்றியிருந்த இடங்கள் அவை. கோழியில் மங்கலாக இருக்கும். இறகுத் தடமே பதியாத படிவத்திலும் இந்தக் குமிழ்கள் இருந்தால், அந்த விலங்கின் கையில் பெரிய இறகுகள் இருந்தன என்று சொல்லலாம். மணிக்கட்டுக்கு அப்பால் கோழியில் கை எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் சன்னல் போல இடைவெளி விட்ட ஒரே துண்டாகியிருக்கும். ஆர்க்கியோப்டெரிக்ஸில் மூன்று விரல்களும் தனித்தனி, மூன்றிலும் நகம்.

காலில்தான் விஷயம் அதிகம். முதலில் ஒரு பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள்: கோழியின் காலில் பின்பக்கமாக மடங்குவது முழங்கால் அல்ல, கணுக்கால். தொடை எலும்பு குட்டையானது. உடலோடு ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கும். நாம் ‘லெக் பீஸ்’ என்று பிடித்துத் தின்பது அதற்கு அடுத்த எலும்பு. அதன் கீழ்முனையை முன்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள்: சிறு வாய்க்கால் ஒன்றும், அதன்மேல் குறுக்கே எலும்பாலான ஒரு குட்டிப் பாலமும் தெரியும். விரல்களை இயக்கும் தசைநாண் இந்தப் பாலத்துக்கு அடியில் போகிறது. நெருப்புக்கோழிக்கும் ஈமுவுக்கும் அந்த எலும்புப் பாலம் இல்லை, மோவாவுக்கு உண்டு. பறக்காத பெரிய பறவைகள் எல்லாம் ஒரே அச்சு என்று நினைப்பவருக்கு இந்த ஓர் இடமே பதில் சொல்லும்.

அதற்கும் கீழே, செதில் போர்த்த கால் பகுதிக்குள் இருப்பது மூன்று எலும்புகள் இணைந்து ஒன்றான துண்டு. கீழ்முனையில் கிணற்று ராட்டினம் போன்ற உருளைகள் மூன்று. முன்னோக்கிய ஒவ்வொரு விரலுக்கும் ஓர் உருளை. நெருப்புக்கோழிக்கு இரண்டே விரல்கள், எனவே உருளைகளும் இரண்டே. துண்டாகக் கிடைக்கும் பறவை எலும்புகளில் அதிகத் தகவல் தருவது இந்த முனை என்பதால், உங்களிடமுள்ள எல்லாப் பறவைகளிலும் இதை வரைந்து பழகுங்கள். புகைப்படம் போதாது. வரையும்போதுதான் எந்த உருளை கீழே இறங்கியிருக்கிறது, எது பின்னே திரும்பியிருக்கிறது என்று கண் கவனிக்கும்.

இந்த எலும்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இன்றைய பறவைகளில் மூன்று எலும்புகளும் கீழிருந்து மேலாக இணைகின்றன. டைனோசர் காலத்தில் உலகெங்கும் பரவியிருந்த எனான்சியார்னித்தீஸ் என்ற பறவைக் கூட்டத்தில் இணைப்பு மேலிருந்து கீழாக நடந்தது. தோளிலும் தலைகீழ்: இன்றைய பறவைகளில் குழி இருக்கும் எலும்பில் அவற்றுக்குக் குமிழ், குமிழ் இருக்கும் எலும்பில் குழி. 1981-இல் சிரில் வாக்கர், அர்ஜென்டினாவில் கிடைத்த எலும்புகளைப் பார்த்து ‘எதிர்ப் பறவைகள்’ என்ற பொருளில் இந்தப் பெயரைச் சூட்டினார். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பேரழிவில் அந்தக் கூட்டம் முழுக்க மறைந்தது.

கடைசியாக, முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி கிடைத்தால் அதன் தொடை எலும்பு ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். உட்குழாயில் பஞ்சு போன்ற மெல்லிய எலும்பு அடைத்திருக்கும். முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்பைத் தாய்ப்பறவை சேமிக்கும் இடம் அது, சேவலிடம் இருக்காது. சீனாவின் கன்ஃபூசியசார்னிஸ் என்ற ஆதிப்பறவையில் சிலவற்றுக்கு நாடா போன்ற இரண்டு நீள வாலிறகுகள் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. அந்த வாலிறகு இல்லாத ஒன்றின் எலும்புக்குள் இதே சேமிப்பு எலும்பு இருப்பது 2013-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அது பெட்டை என்பது அப்படித்தான் உறுதியானது.

படிவத்தின் முன் நின்றால்: கேள்விகளின் வரிசை

அருங்காட்சியகத்திலோ கணினியில் முப்பரிமாண மாதிரியிலோ ஒரு படிவத்தைப் பார்க்கும்போது, பெயர்ப் பலகையைக் கடைசியில் படியுங்கள். மார்ஃபோசோர்ஸ் போன்ற இணையத் தொகுப்புகளில் எலும்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க முடிகிறது. பழகுவதற்கு அது பெரிய வசதி.

முதல் கேள்வி: எந்தப் பாறை, எந்தக் காலம்? 15 கோடி ஆண்டு பழைய பாறையில் கோழி இனத்தை யாரும் தேட மாட்டார்கள். இரண்டாவது: எவ்வளவு நசுங்கியிருக்கிறது? தகடு தகடான சுண்ணாம்புப் பாறையிலும் களிப்பாறையிலும் பறவை தட்டையாகிவிடும். உருண்டையான எலும்பு அகன்று தெரியும், எனவே அகலத்தை நம்பாதீர்கள், நீளத்தை நம்புங்கள். மூன்றாவது: எந்த எலும்பு, எந்தப் பக்கம்? நான்காவது: வளர்ந்த பறவையா, குஞ்சா? முனைகள் சொரசொரப்பாக, துளைகளோடு இருந்தால் குஞ்சாக இருக்கக்கூடும். இந்த நான்குக்கும் விடை எழுதிய பிறகுதான் எந்தக் குடும்பம் என்ற கேள்வி.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய அறிஞர்களின் பிழைகளே சாட்சி. ஜெர்மனியில் 1951-இல் கிடைத்த ஓர் ஆர்க்கியோப்டெரிக்ஸ், இறகுத் தடங்கள் மிக மங்கலாக இருந்ததால், காம்ப்சோக்னாதஸ் என்ற சிறு டைனோசராக 20 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1973-இல்தான் அது இன்னதென்று தெரிந்தது. நெதர்லாந்தின் ஹார்லெம் நகர அருங்காட்சியகத்தில் பறக்கும் ஊர்வன என்று வைக்கப்பட்டிருந்த ஒன்றை 1970-இல் ஜான் ஆஸ்ட்ரம் ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்றார். 2017-இல் அதுவும் திருத்தப்பட்டு, அவர் பெயராலேயே ஆஸ்ட்ரோமியா என்ற தனிப் பேரினம் ஆனது. அமெரிக்காவின் கான்சஸில் கிடைத்த இக்தியார்னிஸ் என்ற பழம்பறவையின் பல்லுள்ள தாடையைப் பார்த்த ஓ. சி. மார்ஷ், பறவைக்குப் பல் இருக்காது என்ற எண்ணத்தில், அது கடல் ஊர்வன ஒன்றின் தாடை என்றே முதலில் எழுதினார். அர்ஜென்டினாவில் அமேகினோ 1887-இல் ஒரு தாடையைப் பல்லில்லாத பாலூட்டியுடையது என்றார். அது ஃபொருஸ்ராகோஸ் என்ற மாபெரும் வேட்டைப் பறவை.

பல் விஷயத்தில் எதிர்த்திசைத் தவறும் உண்டு. தெற்குக் கரோலினாவில் சார்ல்ஸ்டன் விமான நிலையப் பணியின்போது 1983-இல் கிடைத்து, 2014-இல் பெயரிடப்பட்ட பெலகார்னிஸ் சாண்டெர்சியின் அலகில் பற்கள் போல வரிசையாக முட்கள் இருக்கும். உண்மையான பல் குழியில் ஊன்றியிருக்கும், மேலே எனாமல் இருக்கும். இவை தாடை எலும்பே வளர்ந்து நீட்டிய கூர்கள். இறக்கை விரிப்பு 6 மீட்டருக்கு மேல் என்று மதிப்பிடப்பட்ட கடற்பறவை அது.

எலும்பின் சுவர் மெல்லியதாக இருப்பது பறவை என்பதற்கு நல்ல அறிகுறி, முடிவான சான்று அல்ல. பறக்கும் ஊர்வனவற்றின் சுவரும் மெல்லியது. மறுபக்கம், முக்குளிக்கும் பறவைகளுக்குச் சுவர் தடிப்பு: பென்குயினும் அப்படி, பல்லுள்ள பழம்பறவை ஹெஸ்பெரார்னிஸும் அப்படி.

எடை கணக்கிடுதல்

தொடை எலும்பின் தண்டில் மிக ஒடுங்கிய இடத்தின் சுற்றளவைக் கொண்டு பறவையின் எடையை மதிப்பிடலாம். உடலைத் தாங்கும் எலும்பு, எடைக்குத் தக்கபடியே தடிக்கும் என்பது இதன் அடிப்படை. கேம்ப்பெல், மார்க்கஸ் ஆகியோர் 1992-இல் தந்த சமன்பாடு எளியது: மில்லிமீட்டரில் சுற்றளவின் மடக்கையை (10 அடிமான log) 2.411-ஆல் பெருக்கி, 0.065-ஐக் கழித்தால், கிராமில் எடையின் மடக்கை வரும். கைபேசியிலுள்ள அறிவியல் கால்குலேட்டர் போதும்.

அளக்க நூல் வேண்டாம், இழுபடும். 3 மி.மீ. அகலத்தில் வெட்டிய காகிதப் பட்டையைச் சுற்றி, சேரும் இடத்தில் ஊசியால் குத்தி, விரித்து இரு துளைகளுக்கும் இடையிலான தூரத்தை வெர்னியர் காலிப்பரால் அளங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். 25 மி.மீ. வந்தால் எடை ஏறத்தாழ 2,020 கிராம். 26 என்று தவறாக அளந்திருந்தால் 2,220 கிராம். ஒரே மில்லிமீட்டர் பிசகுக்குப் பத்தில் ஒரு பங்கு மாறிவிடுகிறது. கோழியை வாங்கும்போதே எடை போட்டு வைத்திருந்தால் உங்கள் அளவை அங்கேயே சரிபார்க்கலாம். நாட்டுக்கோழியில் ஓரளவு பொருந்தும். சதைக்காகவே வளர்க்கப்படும் பறவைகளில் கணக்கு குறைவாக வரும்.

இப்போது ஓவனின் துண்டுக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தரை அங்குலம் என்றால் 139.7 மி.மீ. விடை சுமார் 128 கிலோ. முனைகளற்ற ஒரு துண்டிலிருந்து, 180 ஆண்டுகளுக்குப் பிறகும், உங்கள் மேசையிலேயே இதைச் செய்ய முடிகிறது. ஆனால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மோவாக்களில் கால் மிகத் தடித்த இனங்கள் உண்டு. அவற்றில் இந்தச் சமன்பாடு எடையைக் கூட்டிக்காட்டும். ‘100 கிலோவுக்கு மேற்பட்ட பறவை’ என்று எழுதுவதே நேர்மை.

அளவை வைத்து இனம் பிரிக்கும் ஆசையும் வரும். அதை அடக்குங்கள். டைனார்னிஸ் மோவாவில் பெரிது, நடுத்தரம், சிறிது என்று நெடுங்காலம் தனித்தனி இனங்களாக வைத்திருந்தார்கள். 2003-இல் டி.என்.ஏ. ஆய்வு வந்ததும், பெரியவை பெண், சிறியவை ஆண் என்று தெரிந்தது. பெண் 200 கிலோவைத் தாண்டும். ஆண் அதில் பாதிகூட இராது.

உணவைப் பற்றிய ஊகத்திலும் இதே நிதானம் வேண்டும். ஐரோப்பாவின் காஸ்டார்னிஸ் என்ற பறக்காத பெரும்பறவைக்குத் தலையும் அலகும் மிகப் பெரியவை. அக்காலத்துச் சிற்றுருவக் குதிரைகளைப் பிடித்துத் தின்பதாகப் படம் வரைந்தார்கள். அலகு நுனியில் கழுகுக்கு இருப்பதுபோன்ற கொக்கி இல்லை. எலும்பிலுள்ள கால்சியம் ஐசோடோப்புகளும் தாவர உண்ணி என்றே காட்டின.

விலைக்கு வாங்காதீர்கள்

1999-இல் ‘ஆர்க்கியோராப்டர்’ என்ற பெயரில் நேஷனல் ஜியோகிராபிக் இதழ் ஒரு படிவத்தை வெளியிட்டது: பறவை உடல், டைனோசர் வால். அது சீனாவின் லியாவோனிங்கில் ஒட்டவைக்கப்பட்ட கலவை. சி.டி. ஸ்கேனில் 88 துண்டுகள் இருப்பது தெரிந்தது. உடல் யானார்னிஸ் என்ற பறவையுடையது, வால் மைக்ரோராப்டர் என்ற டைனோசருடையது. அறிஞர்களையே ஏமாற்றிய ஒட்டு, இணையத்தில் விற்பனைக்கு வரும் படத்தைப் பார்ப்பவருக்கு எப்படிப் பிடிபடும்? விரிசல் கோடு ஓர் எலும்பின் நடுவில் வந்து நின்று மறுபக்கம் தொடராமல் போவது, இரு பக்கக் கால்களும் கண்ணாடி பிம்பம்போல ஒன்றாகவே இருப்பது, பாறையின் நிறம் திட்டுத்திட்டாக மாறுவது ஆகியவை சந்தேகத்துக்குரியவை. ஆர்க்கியோராப்டரின் இரு கால்களும் ஒரே காலின் இரு பாதிகள்தாம்: பாறை பிளந்தபோது ஒரு தகட்டில் ஒன்றும் எதிர்த் தகட்டில் மற்றொன்றுமாகப் பிரிந்தவை. சீனாவின் முதுகெலும்பி படிவங்களை வணிகமாக வெளியே கொண்டுவருவது சட்டத்துக்கும் புறம்பானது. பழகுவதற்கு நல்ல வார்ப்பு நகலே போதும்.

நம் பக்கத்தில்

இந்தியாவில் பறவைப் படிவம் தேடுகிறவர்கள் முதலில் இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் பாறைகளைப் பற்றிப் படிக்க வேண்டும். ஆசிய நெருப்புக்கோழியும், லெப்டோப்டிலோஸ் ஃபால்கனேரி என்ற மாபெரும் பெருநாரையும் 19-ஆம் நூற்றாண்டிலேயே அங்கிருந்து பெயர் பெற்றவை.

எலும்பைவிட அதிகமாகக் கிடைப்பது நெருப்புக்கோழி முட்டை ஓடு. மகாராஷ்டிரத்தின் பட்னேயில் கோடுகள் கீறப்பட்ட ஓடே கிடைத்தது. ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் கிடைத்த ஓடுகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, அவை ஆப்பிரிக்க நெருப்புக்கோழியோடு நெருங்கியவை என்று 2017-இல் காட்டினார்கள். ஓட்டை அடையாளம் காண முதலில் தடிப்பை அளங்கள். கோழி முட்டை ஓடு அரை மி.மீ.கூட வராது. நெருப்புக்கோழி சுமார் 2 மி.மீ. மடகாஸ்கரின் யானைப்பறவை 3 மி.மீ.க்கு மேல். பிறகு பத்து மடங்கு லென்ஸில் வெளிப்பக்கத் துளைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். துளைகள் ஒற்றையாகவா, கூட்டமாகவா என்பது பறவைக்குப் பறவை மாறும்.

வயலிலோ ஓடைக்கரையிலோ இப்படி எதையேனும் கண்டால் பிடுங்காதீர்கள். அளவுகோலை அருகில் வைத்து, மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, சுற்றியுள்ள மண்ணடுக்கு தெரியத் தூரத்திலிருந்து ஒன்று என மூன்று படம் எடுங்கள். கைபேசியின் இடக்குறிப்பைப் பதிந்துகொள்ளுங்கள். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்ற தகவல் போய்விட்டால், எவ்வளவு அழகான எலும்பானாலும் அதன் காலத்தைச் சொல்வது மிகக் கடினம். உடைந்த துண்டை ஃபெவிகுவிக்கால் ஒட்ட வேண்டாம். பசை உள்ளே இறங்கிவிட்டால் பிற்பாடு வேதியியல் சோதனைகள் கெட்டுப்போகும். ஏற்கெனவே தளர்ந்து கிடப்பதைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்றால், மெல்லிய காகிதத்தில் சுற்றி, பஞ்சு வைத்த டப்பாவில் இட்டு, தேதியும் இடமும் எழுதிய சீட்டை உள்ளேயே போட்டு, பக்கத்துக் கல்லூரியின் நிலவியல் துறைக்கோ இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அலுவலகத்துக்கோ படங்களோடு தெரிவியுங்கள்.